தொப்பிக்காரத் தாத்தாவும் வெண்ணெய் அக்காவும்

நவம்பரில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முன்னால் மகளின் பள்ளியில் டின் சேகரிப்பார்கள். கெட்டுப்போகாத சாப்பாட்டுப் பொருள், வீட்டுக்குப் பத்து. எல்லாம் ஊர் உணவு வங்கிக்குப் போகும். போன முறை சமையல் மேடையில் டின்களை அடுக்கி எண்ணிக்கொண்டிருந்தேன். சோளம், பீன்ஸ், சூப், அப்புறம் தள்ளுபடியில் கிடைத்த நாலு செஃப் பாயர்டீ ரவியோலி பாஸ்தா. மகள் அதில் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். லேபிளில் வெள்ளைத் தொப்பி, கழுத்தில் சிவப்புத் துணி, மீசை, சிரித்த முகம்.

“இவர் நிஜ ஆளாம்மா? இல்ல சும்மா வரைஞ்சதா?”

இந்த நாட்டுக்கு வந்து இருபத்தைந்து வருஷமாகப் போகிறது. அந்தத் தாத்தாவைக் கடை அலமாரியில் ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். இந்தக் கேள்வி எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. “சும்மா வரைஞ்சதுதான்” என்று சொல்லிவிட்டேன். அப்புறம் சந்தேகம் வந்து தேடிப் பார்த்தால், ஆள் நிஜம். அதுவும் எங்கள் ஊர்க்காரர். எங்கள் ஊர் என்றால் விருதுநகர் இல்லை, அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லேண்ட்.

எத்தோரே போயார்டி 1897இல் இத்தாலியில் பியாசென்சா பக்கம் பிறந்தவர். 1914இல், பதினாறு வயதில், கப்பலேறி நியூயார்க் வந்தார். பிளாசா ஓட்டலில் வேலை பார்த்த அண்ணன், அங்கேயே தம்பியையும் சேர்த்துவிட்டார். நம் ஊர்ப் பையன்கள் மாமா கை பிடித்துச் சென்னை ஓட்டலுக்குள் நுழைவார்களே, அதே கதை. பிறகு கிளீவ்லேண்டுக்கு வந்து 1920களின் நடுவில் சொந்தமாக ஓர் இத்தாலிய உணவகம் திறந்தார்.

அந்தக் காலத்து அமெரிக்காவில் இத்தாலியச் சாப்பாட்டுக்குப் பெரிய மரியாதை கிடையாது. பூண்டு வாடை என்றால் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். குடியேறியவர்களைத் ‘திருத்த’ வந்த சமூக சேவகிகளும் மனையியல் ஆசிரியைகளும், பூண்டையும் பாஸ்தாவையும் விட்டுவிட்டுப் பாலும் வெள்ளைச் சாஸும் சாப்பிடச் சொல்லி இத்தாலியத் தாய்மார்களுக்கு வகுப்பு எடுத்தார்கள். இந்தச் சூழலில் ஒருவர் தக்காளிச் சாஸ் வைக்கிறார், சாப்பிட வந்தவர்கள் வீட்டுக்கும் கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். காலிப் பால் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். தூக்குவாளியோடு வந்து சாம்பார் வாங்கிப் போகிற நம் ஊர்ப் பழக்கம்தான். கேட்பவர்கள் கூடக் கூட, மளிகைக் கடை வைத்திருந்த ஒரு வாடிக்கைத் தம்பதி டின்னில் அடைக்கும் வழி சொல்லிக் கொடுத்தார்கள். 1928இல் தொழிற்சாலையே வந்துவிட்டது.

பெயர்தான் சிக்கல். போயார்டி என்பது அமெரிக்க வாயில் நுழையவில்லை. எனவே லேபிளில் பாய்-ஆர்-டீ என்று நடுவில் கோடு போட்டு, எழுத்துக்கூட்டி அச்சடித்தார். சொந்தப் பெயரையும் எத்தோரேயிலிருந்து ஹெக்டர் ஆக்கிக்கொண்டார். என் கணவர் கார்த்திகேயன், அலுவலகத்தில் இருபது வருஷமாகக் ‘கார்ட்’. ஆகவே இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் வேறு மாதிரியும் இருந்தது.

ஸ்பகெட்டி, ஒரு டின் சாஸ், துருவிய சீஸ், மூன்றையும் ஒரே பெட்டியில் விற்றார். இத்தாலியர் பக்கத்து வீட்டில் இல்லாத ஊரிலும் ஓர் அமெரிக்கப் பெண் இத்தாலியச் சாப்பாடு செய்துவிடலாம். தக்காளிக்காக 1938இல் தொழிற்சாலை பென்சில்வேனியாவில் மில்டன் என்ற ஊருக்குப் போனது. இரண்டாம் உலகப் போரில் ராணுவத்துக்கு டின் சாப்பாடு செய்ய, இரவு பகலாக ஓடியது. போர் முடிந்ததும் அந்த ஆர்டர் நின்றது. அத்தனை பேரை வீட்டுக்கு அனுப்ப மனம் வராமல் 1946இல் கம்பெனியைப் பெரிய நிறுவனம் ஒன்றுக்கு விற்றார் என்று சொல்கிறார்கள். விலை சுமார் 60 லட்சம் டாலர்.

கம்பெனியோடு முகமும் போய்விட்டது. அதற்குப் பிறகும் டிவி விளம்பரங்களில் அவரே தொப்பி வைத்துக்கொண்டு வந்து நின்றார். தன் பெயரில், தன் முகத்தோடு, அடுத்தவருடைய டின்னை விற்றார். அந்த டின்னுக்குள் இருந்தது பால் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்த சாஸ் இல்லை. மென்று பழகாத குழந்தைக்கும் சிரமம் தராத, பூண்டு வாடை அடங்கிப்போன, இனிப்பாக ஒரு சிவப்புக் குழம்பு. 1985இல் கிளீவ்லேண்ட் பக்கத்துப் பார்மாவில் காலமானார். கிளீவ்லேண்ட் தமிழர்களுக்குப் பார்மா என்றால் சிவா விஷ்ணு கோயில். மாதம் ஒரு முறையாவது நான் போய்வரும் ஊர். அங்கே பிரசாதப் புளியோதரைக்கு வரிசையில் நிற்கும்போதெல்லாம் இப்போது இவர் நினைப்பு வருகிறது.

சாப்பாட்டுக்கு ஓர் ஆள் ஜாமீன் நிற்பது நமக்குப் புதிதில்லை. விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா வாங்கப் போனால் கல்லில் இன்று யார் நிற்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் சொல்வோம். சித்தி வைத்த குழம்பு, பெரியம்மா பிடித்த அதிரசம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு கை உண்டு. கைமணம், கைப்பக்குவம் என்று வார்த்தையே வைத்திருக்கிறோம். அமெரிக்காவில் ஆள் ஊர்விட்டு ஊர் போனார், சாப்பாடு டின்னுக்குள் போனது, கை காணாமல் போனது. அந்த இடத்தில் கம்பெனிகள் ஒரு முகத்தை ஒட்டின. முகம் கிடைக்காத இடத்தில் உற்பத்தியே செய்தார்கள். 1921இல் மினியாபோலிஸ் மாவுக் கம்பெனி ஒன்று, சமையல் சந்தேகம் கேட்டு வந்த கடிதங்களுக்குப் பதிலில் கையெழுத்துப் போட ஒரு பெண் வேண்டும் என்று பெட்டி கிராக்கரைக் கற்பனை செய்தது. 1945இல் அவர் அமெரிக்காவின் பிரபலமான பெண்களில் இரண்டாம் இடத்தில் இருந்தார். முதலிடம் அதிபர் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினோருக்கு. பிறக்காத ஒருத்திக்கு இரண்டாமிடம்! கேக் மாவுப் பெட்டியில் பெயர் இருக்கிற டங்கன் ஹைன்ஸோ நிஜ மனிதர், ஆனால் கேக் செய்பவரே அல்ல. ஊர் ஊராகப் போய் எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று எழுதிய விற்பனைப் பிரதிநிதி.

நான் முதலில் பார்த்த அமெரிக்கச் சமையல்காரர்கள் டின்னில் இல்லை, டிவியில் இருந்தார்கள். 2001 ஜனவரியில், வேலைக்கு வந்தவரின் மனைவிக்குத் தரும் எச்-4 விசாவில் வந்து இறங்கினேன். வேலைக்குப் போகக் கூடாது. கார் ஓட்டத் தெரியாது. வெளியே முழங்கால் அளவு பனி. கணவர் காலை ஏழரைக்குப் போனால் மாலை ஆறரைக்கு வருவார். இடையில் பதினொரு மணி நேரம் நானும் ஃபுட் நெட்வொர்க்கும். 1993இல் தொடங்கிய அந்தச் சானல் அப்போது உச்சத்தில் இருந்தது. எமரில் லகாஸி என்று ஒருவர். குட்டையாக, தடியாக, நம் கல்யாண மண்டபத்துத் தவசிப்பிள்ளை போன்ற உடம்பு. அவருக்குப் பின்னால் இசைக்குழு, முன்னால் கூட்டம். ஒரு கைப்பிடி பூண்டை எடுத்து வாணலியில் போட்டு “பாம்!” என்பார். கூட்டம் எழுந்து கைதட்டும்.

பூண்டுக்குக் கைதட்டு! நான் வாய் பிளந்து பார்த்தேன். எங்கள் வீட்டில் தினமும் இரண்டு முழுப் பூண்டு உரிப்போம், ஒருத்தரும் ஒரு தடவைகூடக் கைதட்டியதில்லை. அப்போது கிண்டலாக இருந்தது. இப்போது பார்த்தால் அது சாதாரண விஷயமில்லை. பூண்டு சாப்பிடாதே என்று வகுப்பு எடுத்த நாடு, எண்பது வருஷம் கழித்து அதே பூண்டுக்கு எழுந்து நிற்கிறது. எமரில் மசாசூசெட்ஸில் ஃபால் ரிவர் என்ற ஆலைத் தொழிலாளர் ஊரில், போர்ச்சுகீசியத் தாய்க்குப் பிறந்தவர். காரசாரமும் பூண்டும் அவர் வீட்டுச் சமாச்சாரம். ஆனால் கூட்டத்துக்கு அது திருவிழாவாக வேண்டியிருந்தது.

அவர் பெயரில் மசாலாப் பொடி, சட்டி, சாஸ், எல்லாம் வந்தன. கிரெஸ்ட் பற்பசைக்குக்கூட விளம்பரத்தில் வந்தார். பூண்டு தின்ற வாய்க்குப் பற்பசை வேண்டியதுதானே. 2008இல் டிவியில் பிரபலமான மார்த்தா ஸ்டூவர்ட்டின் நிறுவனம் அவருடைய நிகழ்ச்சிகள், புத்தகங்கள், சமையல் சாமான்கள் உரிமையை 5 கோடி டாலருக்கு வாங்கியது. ஓட்டல்கள் மட்டும் அவரிடமே நின்றன. கை அவரிடம், முகம் வேறொருவரிடம். இதில்தான் இந்தத் தொழிலின் சூட்சுமம் இருக்கிறது. சமையல்காரர் ஒரே நேரத்தில் ஓர் அடுப்பில்தான் நிற்க முடியும். பெயர் லட்சம் அலமாரியில் நிற்கும். ஓட்டல் நடத்துவதில் மிஞ்சும் லாபம் கொஞ்சம். பெயருக்கு விலைபோனால் வாடகை, சம்பளம், வெங்காய விலை எதுவும் கிடையாது.

நானும் இந்த வலையில் விழுந்தேன். யாருடையது என்று சொல்ல வேண்டாம், பெரிய பெயர் ஒன்று கைப்பிடியில் பொறித்த வாணலி. மாமியார் கொடுத்த டாலரைச் சேர்த்து வாங்கினேன். ஏழாவது மாதம் கறுப்புப் பூச்சு உரிந்து தோசையில் ஒட்டி வந்தது. பெட்டியில் இருந்த எண்ணுக்குப் போன் செய்தேன். அந்தப் பெண் மிகவும் பொறுமையாக விளக்கினார். தயாரிப்பு வேறு கம்பெனி, விற்பனை வேறு கம்பெனி, செஃப் பெயரை மட்டும்தான் கொடுத்திருக்கிறார்.

“அவர் இதுல சமைச்சே பார்க்கலையா?”

“அது எனக்குத் தெரியாதுங்க. நீங்க இரும்புக் கரண்டி உபயோகிச்சீங்களா?”

உபயோகித்தேன். தோசையை வேறு எதால் திருப்புவது?

இந்த வியாபாரத்தை முதலில் டிவிக்குக் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் பியர்ட். 1946இல் என்பிசியில் பதினைந்து நிமிட நிகழ்ச்சி. போர்டன் பால் கம்பெனி ஸ்பான்சர், அதன் எல்ஸி பசு பொம்மை கூடவே வரும். அமெரிக்கச் சாப்பாடு என்று ஒன்று உண்டு, அதற்குப் பிரெஞ்சுக்காரனிடம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவர். புத்தம் புதுக் காய்கறி பற்றி எழுதியவர், கிரீன் ஜயன்ட் டின் சோளத்துக்கும் நின்றார். சமையல் பள்ளி நடத்தப் பணம் வேண்டியிருந்தது. அதற்காகத் தன்னையே அவர் ஒரு வார்த்தையால் அழைத்துக்கொள்வாராம். அதை இங்கே எழுத முடியாது, உடம்பை விற்றுப் பிழைப்பவரைச் சொல்லும் சொல்.

எதிர்முனையில் ஜூலியா சைல்ட். 1963இல் பாஸ்டன் பொதுத் தொலைக்காட்சியில் பிரெஞ்சுச் சமையல் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். ஆறடி இரண்டு அங்குலம், கிறீச்சென்ற குரல், கை தவறிப் போட்டதை எடுத்து ஒட்டவைத்து “யாருக்குத் தெரியப்போகிறது” என்கிற தைரியம். அன்றைய அமெரிக்க அடுப்படி டின் சூப்பை ஊற்றிப் பேக் செய்வதும், கடையில் வாங்கிய உறைந்த ‘டிவி டின்னரை’ச் சூடாக்குவதும், ஜெல்லிக்குள் காய்கறியை உறையவைப்பதுமாக இருந்தது. அதன் நடுவில் இவர் முழுசாக ஒரு கோழியைத் தூக்கிக் காட்டினார். எந்தப் பொருளுக்கும் விளம்பரத்தில் வரமாட்டேன் என்று கடைசிவரை இருந்தார். நிகழ்ச்சியில் லேபிள்களை மறைத்துவிடுவார்கள். கடைசியில் அவர் ஊற்றிக் குடிக்கும் சிவப்பு ஒயின்கூட நிஜமில்லை, கிரேவிக்கு நிறம் சேர்க்கும் திரவத்தைத் தண்ணீரில் கலந்தது. அதைச் சப்புக்கொட்டிக் குடித்த நடிப்புக்கே ஒரு விருது தரலாம்.

அவர் சமையலறையை அப்படியே பெயர்த்து வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். சுவர்ப் பலகையில் ஒவ்வொரு சட்டிக்கும் அதன் வெளிக்கோட்டைக் கணவர் வரைந்து வைத்திருக்கிறார், எடுத்ததை அதே இடத்தில் மாட்டுவதற்கு. பித்தளைப் பாத்திரத்தில் பெயர் வெட்டி வைக்கும் வீட்டில் வளர்ந்த எனக்கு, பாத்திரத்துக்கு அதன் நிழலையே பெயராக வைத்தது ரொம்பப் பிடித்தது. அங்கே நின்று வெகுநேரம் பார்த்தேன். இறந்த பிறகும் அவரை விடவில்லை. 2012இல் தெர்மடார் அடுப்புக் கம்பெனி அவர் பெயரையும் படத்தையும் விளம்பரத்தில் போட, அவருடைய அறக்கட்டளை வழக்குக்குப் போனது. அவர் வீட்டில் அந்தக் கம்பெனி அடுப்பு இருந்தது உண்மைதானே என்பது கம்பெனியின் வாதம்.

ஜூலியாவைப் புகழ்வது சுலபம். ஆனால் அவர் வசதியான குடும்பம், பொதுத் தொலைக்காட்சி, விற்பனையாகும் புத்தகம். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு முடிந்தது. பியர்டுக்கு வாடகை இருந்தது. இதை ஒழுக்கக் கணக்காக மட்டும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

சிலரைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கும், சிரிப்பாகவும் இருக்கும். வுல்ஃப்கேங் பக் ஆஸ்திரியாவிலிருந்து வந்தவர். 1982இல் ஹாலிவுட் பக்கம் ஸ்பாகோ உணவகம் திறந்து, பிட்சா மேல் புகைபோட்ட சால்மன் மீனை வைத்தார். டிவிக்காரர் ஜானி கார்சன் அந்தக் கடைப் பிட்சாவை மொத்தமாக வாங்கிப்போய் வீட்டு ஃப்ரீசரில் வைத்துக்கொள்வாராம். அதைக் கேட்டுத்தான் வுல்ஃப்கேங் பக்கின் உறைந்த பிட்சா வியாபாரமே பிறந்தது. அதுவரை சரி. 2005இல் தானாகச் சூடாகும் காபி டின் ஒன்றில் அவர் பெயர் வந்தது. டின்னுக்குள் தனி அறையில் நீற்றாத சுண்ணாம்பு. அடியில் பொத்தானை அழுத்தினால் தண்ணீர் அதில் சேரும், கொதிக்கும், காபி சூடாகும். கிளிஞ்சலைச் சுட்டுப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றி ஆச்சி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு நீற்றுவதைப் பார்த்தவள் நான். அந்தப் பானைப் பக்கம் எங்களை விடவே மாட்டார். அதைக் காபி டின்னுக்குள் வைத்தால் என்ன ஆகும்? சில டின் சூடாகவில்லை, சில ஒழுகின, சில அளவுக்கு மேல் சூடாகின. அடுத்த வருஷமே கடைகளிலிருந்து திரும்ப எடுத்தார்கள். ஆச்சியைக் கேட்டிருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பார்.

ரிக் பேலஸ் விஷயம் வேறு மாதிரி. ஓக்லஹோமாவில் பிறந்த வெள்ளையர், மெக்சிகோவில் வருஷக்கணக்காக இருந்து கற்றுக்கொண்டு 1987இல் சிகாகோவில் ஃப்ரான்டேரா கிரில் திறந்தவர். சிறு விவசாயி, உள்ளூர்க் காய்கறி என்று பேசுபவர். 2003இல் பர்கர் கிங்கின் கொழுப்புக் குறைந்த கோழி சாண்ட்விச்சுக்கு விளம்பரத்தில் வந்தார். சக செஃப்கள் கொதித்துப்போனார்கள். வந்த பணத்தை விவசாயிகளுக்கான தன் அறக்கட்டளைக்குக் கொடுத்தார், அப்படியும் பேச்சு அடங்கவில்லை. எனக்கு என்னவோ அந்தச் சண்டையைவிட இன்னொன்று முக்கியமாகப் படுகிறது. அதற்குப் பன்னிரண்டு வருஷம் முன்பே, 1991இல், அமெரிக்காவில் டாலர் கணக்கில் கெட்சப்பைவிட மெக்சிகோக்காரர்களின் தக்காளிச் சட்னியான சல்சா அதிகம் விற்றுவிட்டது. அதை எந்த செஃப்பும் செய்யவில்லை. எல்லை தாண்டி வந்து தோட்டத்திலும் ஓட்டல் பின்கட்டிலும் வேலை பார்த்தவர்கள், அவர்கள் கையால் சாப்பிட்டுப் பழகியவர்கள், சிப்ஸ் கம்பெனிகள், இவர்கள் செய்தது. ஊர் ஏற்கெனவே சாப்பிட ஆரம்பித்ததை, “பயப்படாமல் சாப்பிடலாம்” என்று சொல்லத்தான் பிரபல முகம் வருகிறது. ஜாமீன் கையெழுத்து அது. கையெழுத்துக்குக் கிடைக்கும் பணம், சமைத்தவருக்குக் கிடைப்பதைவிட எப்போதும் அதிகம்.

டேவிட் சாங் விவகாரம் இதற்கு நல்ல சாட்சி. 2004இல் நியூயார்க்கில் மோமோஃபுக்கு உணவகம் திறந்து, ராமென் என்ற ஜப்பானிய நூடுல்ஸைப் பெரிய மனிதர் சாப்பாடாக்கியவர். கொரியக் குடும்பம். அவருடைய கம்பெனி சில்லி க்ரஞ்ச் என்று மிளகாய் எண்ணெய் விற்கிறது. 2024இல், அந்தப் பெயரை நீங்கள் போடக் கூடாது என்று சின்னச் சின்ன ஆசியக் கடைகளுக்கு வக்கீல் நோட்டீஸ் போனது. மிளகாய்ப் பொடிக்கு ஒருத்தர் உரிமை கொண்டாடினால் நாம் எப்படிக் கத்துவோமோ அப்படிக் கத்தினார்கள். மன்னிப்புக் கேட்டுப் பின்வாங்கினார்.

2009 கோடையில் அம்மா வந்திருந்தார். மத்தியானம் டிவியில் ஒரு பர்கர் விளம்பரம். படிக்கட்டில் உட்கார்ந்து ஓர் அழகான பெண் இரண்டு கையாலும் பர்கரைப் பிடித்துக் கடிக்கிறாள், சாஸ் மணிக்கட்டில் வழிகிறது, நக்குகிறாள். பத்மா லக்ஷ்மி. டாப் செஃப் என்ற டிவிப் போட்டியில் பெரிய பெரிய சமையல்காரர்களுக்கு அப்போது தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தவர்.

“இந்தப் பொண்ணு தமிழா?” அம்மாவுக்கு முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது.

“மெட்ராஸ்ல பொறந்தவங்கம்மா.”

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. எனக்குத்தான் சங்கடமாக இருந்தது.

“கையில அத்தனை வழியுது. பக்கத்துல ஒருத்தர் இருந்து ஒரு துண்டு கொடுக்கக் கூடாதா?” என்றார்.

வெண்ணெய் அக்காவுக்கு வருகிறேன். பவுலா டீன். ஜார்ஜியாவில் சவானா ஊர்க்காரர், வெள்ளை முடி, நீலக் கண், கூப்பிடும்போதே தேன் ஒழுகும் தெற்கத்திப் பேச்சு. கையில் பணமில்லாமல் பிள்ளைகளோடு மதியச் சாப்பாடு கட்டி விற்று மேலே வந்தவர். அந்தக் கதைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். எல்லாவற்றிலும் வெண்ணெய். பர்கருக்குப் பன் பதில் சர்க்கரை பூசிய டோனட் இரண்டு, நடுவில் கறி, முட்டை, பேக்கன். நான் சாப்பிட்டதில்லை, பார்த்ததற்கே நெஞ்சு கரித்தது. ஸ்மித்ஃபீல்ட் பன்றிக்கறிக்கு அவர்தான் முகம்.

2012 ஜனவரியில் டிவியில் வந்து எனக்குச் சர்க்கரை வியாதி என்றார். கண்டுபிடித்து மூன்று வருஷமாகிவிட்டதாம். அந்த மூன்று வருஷமும் அதே சமையல்தான் ஓடியது. அதே மூச்சில் இன்னொரு செய்தி. நோவோ நோர்டிஸ்க் கம்பெனியின் விக்டோசா என்ற சர்க்கரை ஊசி மருந்துக்கு அவர் விளம்பரத் தூதர். எங்கள் தோழிகள் வட்டத்தில் அன்று ஒரே பேச்சு. வியாதியையும் விற்றார், மருந்தையும் விற்கிறார் என்று ஒருத்தி சொன்னாள். எனக்கோ சர்க்கரை வியாதியோடே கல்யாண வீடுகளுக்கு ஜிலேபி சுற்றிக்கொண்டிருந்த எங்கள் ஊர்ச் சமையல்காரர் ஞாபகம் வந்தது. அவர் வாயைத் திறக்காமல் சுற்றினார், அவ்வளவுதான் வித்தியாசம். அடுத்த வருஷம் ஒரு வழக்கு வாக்குமூலத்தில், கறுப்பர்களைப் பற்றி முன்பு கேவலமான வார்த்தை சொன்னதாக ஒப்புக்கொண்டது வெளியே வந்தது. சானல், பன்றிக்கறி, சூப்பர் மார்க்கெட், மருந்து என்று வரிசையாக எல்லோரும் கைகழுவினார்கள். வெண்ணெய்க்கு அசையாத ஒப்பந்தங்கள் அந்த ஒரு வார்த்தைக்கு ஒரு வாரத்தில் போயின. அதைத் தப்பென்றும் சொல்ல மாட்டேன்.

இந்த விக்டோசாவை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதே கம்பெனியின் அதே வகை மருந்துதான் பிறகு வந்த ஓசெம்பிக், பசியை அடக்கி எடையைக் குறைக்கும் ஊசி. இன்று கோயிலில், பள்ளி வாசலில், எங்கே பார்த்தாலும் அந்த ஊசிப் பேச்சு. தோழி ஒருத்தி எங்கள் வீட்டு விருந்தில் இரண்டு பூரி சாப்பிடுவாள், பிறகு மூன்றாவதுக்குச் சண்டை போடுவாள். இந்தத் தீபாவளிக்கு அரைப் பூரியைத் தட்டில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். பிடிக்கவில்லையா என்றேன். “பிடிக்குதுடி. வேணும்னு தோணலை.” ருசியைப் பற்றி இத்தனை வருஷத்தில் இந்த நாட்டில் நான் கேட்ட வாக்கியங்களில் இதுதான் என்னைக் கொஞ்சம் பயமுறுத்தியது.

கம்பெனிகள் பயப்படவில்லை, லேபிள் அடித்தார்கள். 2025 தொடக்கத்தில் கானாக்ரா நிறுவனம் தன் ஹெல்தி சாய்ஸ் உறைந்த சாப்பாடு சிலவற்றின் மேல், இந்த ஊசி போடுபவர்களுக்கு ஏற்றது என்று ஒரு முத்திரை போட்டது. முகம் தேவைப்படவில்லை. அந்த ஹெல்தி சாய்ஸ் பிறந்ததே கம்பெனித் தலைவருக்கு 1985இல் வந்த மாரடைப்பால். பியர்டும் போயார்டியும் போன அதே வருஷம். இந்தக் கானாக்ராதான் 2016இல் பேலஸின் ஃப்ரான்டேரா சல்சாவை வாங்கியது. இந்தக் கானாக்ராவிடம்தான் எங்கள் தொப்பிக்காரத் தாத்தாவும் 2000த்திலிருந்து இருந்தார். 2025இல் அவரை வேறொரு கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள், சுமார் 60 கோடி டாலர். அவர் விற்றபோது அறுபது லட்சம். இரண்டிலும் அறுபது.

அதே 2025 ஜூனில் ஜேம்ஸ் பியர்ட் பெயரிலான விருது வழங்கும் விழா. நியூயார்க் மாநிலத்தின் சிறந்த செஃப், ‘செம்ம’ என்ற உணவகத்தின் விஜய் குமார். திண்டுக்கல் பக்கம் நத்தத்துக்காரர். மேடைக்கு வேட்டியில் வந்தார். அவர் கடையின் பேர்பெற்ற பதார்த்தம் நத்தைப் பிரட்டல், சிறு வயதில் வயலில் பொறுக்கிச் சாப்பிட்டது. வீடியோவை நான் நாலு தடவை பார்த்தேன். கணவர் ஐந்தாவது தடவை கூட வந்து உட்கார்ந்தார். இவருக்கும் ஒரு நாள் யாராவது ஒரு பாட்டிலை நீட்டுவார்கள். வாங்கிக்கொண்டால் நான் திட்ட மாட்டேன். லேபிளில் ‘நத்தை’ என்று எப்படி எழுத்துக்கூட்டப் போகிறார்கள் என்று பார்க்கத்தான் ஆசை.

மகளிடம் இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் ஒரு டின்னைத் திறந்துவிட்டாள். மைக்ரோவேவில் சூடுபண்ணி ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்தோம். இனித்தது. அவள் இன்னொரு கரண்டி எடுத்துப் பார்த்துவிட்டு, “பூண்டே இல்லையேம்மா” என்றாள். லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்து, தாத்தா முகத்தை மட்டும் வெட்டி ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறாள். பள்ளிக்கு ஒன்பது டின்தான் போனது.